துளசியை வாடவிட்டால் மணம் கூடுமா?

கேள்வி: மொட்டை மாடியில் நிழல்வலைக்குக் கீழே துளசி, கற்பூரவல்லி, புதினா வளர்க்கிறேன். இலை பெரிதாக, பச்சைப்பசேலென்று இருக்கிறது. கசக்கினால் மணம்தான் இல்லை. தண்ணீரை நிறுத்தி வாடவிட்டால் எண்ணெய் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் கைவைக்க வேண்டியது தண்ணீரில் இல்லை, நிழல்வலையில்.

துளசி இலையின் அடிப்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். கிராம்பு வாசனை தரும் யூஜினால் துளசியில் அங்கேதான் சேர்கிறது; கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால். பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி வைத்திருக்கும் சரக்கு இது. நல்ல வெயில், குறிப்பாக அதிலுள்ள புற ஊதாக் கதிர், இந்தத் தயாரிப்பைத் தூண்டும். நிழலும் தழைச்சத்தும் மிகுந்தால் இலைதான் பெருக்கும். அதனால் வலையை மெல்ல விலக்கி, ஐந்தாறு மணி நேர வெயிலுக்குப் பழக்குங்கள். கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறீர்கள் என்றால் சில வாரம் நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடி வளர்ச்சி தளரும். வளர்ச்சிக்குச் செலவாகாத சர்க்கரையில் ஒரு பங்கு எண்ணெய்க்குப் போகும். இலையும் சிறுத்துவிடுவதால் சுரப்பிகள் நெருக்கமாக அமையும். ஒரு இலையைக் கசக்கினால் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் மொத்த இலை குறைவதால் செடி முழுவதிலும் கிடைக்கும் எண்ணெய் குறைந்தும் போகலாம். தேநீருக்கும் கஷாயத்துக்கும் நாலு இலை பறிப்பவருக்கு இது நஷ்டமில்லை.

எப்போது செய்கிறோம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சுரப்பிகள் பெரும்பாலும் இலை விரியும் பருவத்திலேயே உருவாகிவிடும். முற்றிய இலையை வாட்டினால் புதிய சுரப்பி வராது, இலைதான் மஞ்சளாகும். ஆகவே நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத் தளிர் வரும்போது தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இலை தொங்கும்வரை விடவேண்டாம். தேங்காய் நார்க்கழிவு போட்ட தொட்டியில் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்து முடிவு செய்யுங்கள். கத்திரி வெயிலில் இந்தச் சோதனையே கூடாது. தொட்டி சூடேறி வேர் வெந்துவிடும். சிலர் சொல்லும் உப்புத் தண்ணீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். உப்பு தொட்டியை விட்டு லேசில் போகாது.

கற்பூரவல்லியின் சதைப்பற்றான இலை தண்ணீர்க் குறைவைத் தாங்கும், துளசியும் ஓரளவு தாங்கும். புதினா தாங்காது, அதற்கு வழக்கம்போல ஈரம் கொடுங்கள். வெயிலும் அடிக்கடி அறுவடையும் போதும்.

துளசியில் பூக்கதிர் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது, காலையில் பனி உலர்ந்ததும் பறியுங்கள். சேமிப்பதானால் நிழலில் காயவையுங்கள், வெயிலில் காய்ந்தால் சேர்ந்த எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிவிடும்.