கண்டனூர் ஆச்சியும் கழுகுக் கூடும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். 2025 தொடக்கத்தில் இங்கே வந்திருந்தபோது, அந்தப் பக்கத்துக் கழுகுக் கூடு ஒன்றை டேப்லெட்டில் நேரலையாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ராச்சாப்பாடு முடிந்ததும் எனக்கு அதுதான் வேலை. மூன்று முட்டையும் பொரித்ததைப் பார்த்தேன். பிறகு பனி கொட்டியதில் ஒரு குஞ்சு போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததே, ஒருவர்கூட ஏறிப்போய்க் காப்பாற்றவில்லையே, இது நியாயமா?
– ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: ஆச்சி, நீங்கள் பார்த்தது பிக் பேர் ஏரிப் பக்கம் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் கூடு. நானும் அதே மார்ச் மாதம் எங்கள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து அதே கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஏறாமல் இருந்ததுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்தக் கூடு ஒரு பைன் மரத்தில், ஏறக்குறைய 145 அடி உயரத்தில் இருக்கிறது. பனிப்புயலில் ஓர் ஆள் அதில் ஏறினால் முதலில் என்ன நடக்கும்? தாய் பதறி எழுந்து பறக்கும். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளுக்குத் தம் உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிற்றுக்கடியில் இருந்தால்தான் உயிர். ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றையும் குளிரில் போட்டதாகும். அமெரிக்காவில் இந்தக் கழுகுகளுக்கென்றே 1940-இல் சட்டம் போட்டார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்வதும் குற்றம். காமிராவை வைத்திருக்கும் பிக் பேர் பள்ளத்தாக்கு நண்பர்கள் அமைப்பினரும், பழுது பார்ப்பதென்றால் முட்டையிடும் காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் அவர்களும் நம்மைப் போல வெறும் பார்வையாளர்கள்தான்.

அதே ஜோடி 2024-இலும் மூன்று முட்டை இட்டது. அந்த வருடம் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அப்போது வந்த பனிப்புயலில் தாய்க் கழுகு ஜாக்கி ஏறக்குறைய 62 மணி நேரம் முட்டையை விட்டு எழவே இல்லை. முதுகெல்லாம் பனி மூடி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. 35 நாளுக்கு மேல் பொரிக்க வேண்டிய முட்டை, நாள் கடந்தும் பொரிக்கவில்லை என்று காமிராவுக்கு முன்னால் இருந்த எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் விடாமல் அடைகாத்தது. அதற்கு அடுத்த வருடம்தான் நீங்கள் பார்த்த மூன்று குஞ்சுகள்.

அடுத்த முறை பார்க்கும்போது கால்களைக் கவனியுங்கள். மீனைக் கவ்வினால் விடாத நகம் அது. முட்டைக்கோ குஞ்சுக்கோ பக்கத்தில் வந்ததும் அந்த விரல்களை உள்பக்கமாகச் சுருட்டி, முஷ்டியை ஊன்றி ஊன்றி நடக்கும். தூளியில் பிள்ளை தூங்கும் வீட்டில் கொலுசைப் பிடித்துக்கொண்டு நடப்போமே, அப்படி. மீனைக் கிழித்து நகக்கண் அளவு துண்டாக்கி, தலையைச் சாய்த்து, குஞ்சின் வாய்க்கு நேரே நீட்டிக் காத்திருக்கும். குஞ்சு குறி தவறிக் கொத்தினாலும் அசையாது. எனக்கு இதைப் பார்க்கச் சலித்ததே இல்லை.

மீதி இரண்டு குஞ்சுகளும் வளர்ந்தன. சன்னி, கிஸ்மோ என்று அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். ஜூனில் இரண்டும் பறந்துவிட்டன. அதை நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், மகனிடம் சொல்லி அந்தப் பதிவைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: நமக்கு ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை ஆறரை. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஏழரை. காலை மீன் வரும் வேளை அது. நீங்கள் உட்காரும் நேரம் சரியான நேரம்தான் ஆச்சி.

கேள்வி: நேரலையில் கழுகு கத்துவதைக் கேட்டால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. சினிமாவில் கேட்கும் கம்பீரமான குரல் எங்கே போயிற்று?
– பிளஸ் டூ மாணவர், காரைக்குடி

பதில்: சினிமாவில் கேட்பது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல், தம்பி. வெண்தலைக் கழுகைக் காட்டிவிட்டு அதன்மேல் இதை ஒட்டிவிடுகிறார்கள். நிஜக் குரல் நீ கேட்டதுபோல மெல்லிய கீச்சுதான். செவ்வால் பருந்தை நேரில் கேட்க வேண்டுமானால், கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2012 முதல் நடத்தும் கூட்டுக் காமிராவைப் பார். விளையாட்டுத் திடலின் விளக்குக் கம்பத்தில் கூடு கட்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊருணிக்கரைப் புளியமரத்தில் கருடன் கூடு கட்டியிருக்கிறது. முகப்புக்கு சிசிடிவி போட வந்த பையனிடமே சொல்லி, மரத்திலும் ஒரு காமிரா மாட்டலாமா? தெருவே பார்க்கலாமே.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இப்போது வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது மரத்தில் ஆள் ஏறினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது எழும் நேரத்துக்காகவே காகம் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் இறங்குவதற்குள் முட்டை போய்விடும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது.

வீட்டு மொட்டை மாடியிலிருந்து கூடு தெரிகிறதா? ஒரு பைனாகுலர் போதும். நாழி ஓட்டின் நிழலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கருடன், அதாவது செம்பருந்து, ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். கண்மாயிலிருந்து எதைத் தூக்கி வருகிறது, எந்தக் கிளையில் முதலில் இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும்.

காமிரா ஆசை விடவில்லை என்றால் சிட்டுக்குருவியிடம் போங்கள். ஒன்றேகால் அங்குல ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்றை, வெயில் நேரே விழாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குருவி வருவதற்கு முன்பே பெட்டியின் மூடியில் உள்பக்கமாகக் காமிரா இருக்க வேண்டும். முகப்புக்குப் போடும் சாதாரணக் காமிரா அரை அடி தூரத்தில் மங்கலாகக் காட்டும். கிட்டப் பார்க்கும் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதாக இருக்கட்டும், அது குருவியின் கண்ணை உறுத்தாது. முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வர இரண்டு வாரம்கூட ஆகாது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் உங்கள் வீட்டில்தான் கிடப்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. நம் ஊரில் பறவைக்காக யார் என்ன செய்தார்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அதிக தூரம் போக வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் சரணாலயமானது. அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பல வருட வழக்கம் அது. தீபாவளிக்கு வெடி கேட்கும் பிள்ளையைச் சமாளித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

2020-இல் நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்தக் கூட்டை ஊர்க்காரர்கள் செல்போனில்தான் படம் எடுத்து, குஞ்சு வளர்வதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

வேட்டங்குடிக்கு மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது, டிசம்பர், ஜனவரியில் போங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், இராக்கொக்கு எல்லாம் இருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கரைமேல் நடந்து போங்கள். கொள்ளுகுடிப்பட்டியில் பெரியவர்கள் யாராவது திண்ணையில் இருந்தால் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை இறங்கும் என்று அவர்களே சொல்வார்கள்.