மைக் இருக்கட்டும், முதலில் குரலைக் கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. கர்நாடக சங்கீதம் கற்கிறாள். ஐந்தாறு கிருதிகளை நல்ல முறையில் பதிவு செய்து வைக்க ஆசை. தெரிந்தவர் ஒருவர், ‘நியூமன் மைக் உள்ள ஸ்டூடியோதான் சரிவரும், நானே பேசி முடிக்கிறேன்’ என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மகள் பாடி அவர் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா? குரலையே கேட்காமல் மைக் பெயரைச் சொல்பவர் தரகர். ஸ்டூடியோவிடம் கமிஷன், உங்களிடம் முன்பணம் என்று இரண்டு பக்கமும் வாங்குகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள்.

நியூமன் யூ87 அருமையான மைக்தான். 1967-இல் வந்தது, இன்றும் பெரிய ஸ்டூடியோக்களில் இருக்கிறது. ஆனால் அது எதையும் விடாமல் பிடிக்கும். சிலருக்கு ‘ச’, ‘ஸ’ வரும்போது லேசாகச் சீறும். அந்தச் சீறலையும் அது தெளிவாகப் பதிந்துவிடும். அப்படிப்பட்ட குரலுக்கு, கச்சேரி மேடையில் பார்க்கிறோமே, ஷூர் எஸ்எம்58, அதுவே இதமாக இருக்கும். விலையிலோ இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அதனால் முதலில் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்ருதிப் பெட்டி சன்னமாக ஒலிக்க, மகளை ஒரு கிருதி முழுக்கப் பாடச் சொல்லுங்கள். மூன்றடி தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பல்லவியில் குரல் அடக்கமாக இருக்கும். அனுபல்லவி மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போது என்ன ஆகிறது? திடீரென்று சத்தம் கூடுகிறதா, குரல் மெலிந்துவிடுகிறதா? அடுத்த தடவை கண்ணைத் திறந்து பாருங்கள். அந்த இடத்தில் தலையைத் திருப்புகிறாளா? தாளம் போடும் கை தொடையில் ‘தப்’பென்று விழுகிறதா? எங்கே மூச்சு வாங்குகிறாள்? சாகித்யத் தாளில் அந்தந்த இடத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒலிப்பதிவாளருக்கு இந்தத் தாள் பெரிய உதவி. பதிவின் ஒலி அளவு வைக்கப் பல்லவியைப் பாடச் சொல்வது வழக்கம். நீங்கள் அனுபல்லவியின் உச்சத்தைப் பாடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேலே போகும்போது ஒலி உடையும், உடைந்ததை ஒட்டவைக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. குரல் மிகவும் சன்னமாக இருந்தால் நான் சொன்ன எஸ்எம்58 ஒத்துவராது. சன்னம் என்றால் வெட்கத்தில் மெல்லப் பாடுவது இல்லை, அது அரை மணியில் போய்விடும். நன்றாகப் பாடிப் பழகிய பிறகும் பக்கத்து அறைக்குக் கேட்காத குரலைச் சொல்கிறேன். அதற்கு எஸ்எம்58 போன்ற டைனமிக் வகை மைக் வைத்தால் அளவை ஏற்றிக்கொண்டே போகவேண்டும், குரலோடு ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். அங்கே மெல்லிய ஒலியையும் பிடிக்கிற கன்டென்சர் வகை மைக்தான் சரி; யூ87 அந்த வகைதான். நியூமன்தான் என்று இல்லை, சுமாரான விலையில் நல்லவை இருக்கின்றன. ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, நடுவில் பாப் ஃபில்டர் (‘ப’ போன்ற எழுத்துகளில் வரும் காற்றடியைத் தடுக்கும் வலை) போட்டால் போதும். குரல் சன்னமாக இருந்து ‘ஸ’வும் சீறினால்? அப்போதும் கன்டென்சர்தான், இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில்.

இன்னொரு வலை: ‘எப்படிப் பாடினாலும் ஆட்டோடியூனில் சரி பண்ணிடலாம்.’ தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அந்த மென்பொருள் ஒவ்வொரு ஒலியையும் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுக்கும். கமகத்துக்கு உயிரே அசைவில்தானே இருக்கிறது? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைவில்லாமல் நேராக்கினால் அங்கே தோடி இருக்காது. பிசகினால் அந்த வரியைத் திரும்பப் பாடட்டும்.

இந்த ஸ்டூடியோ வாடகை ஏற்பாட்டின் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. கதவைத் திறந்த நிமிடத்திலிருந்து வாடகை ஓடுகிறது. பாடுகிற பெண் தண்ணீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்வதற்குள் ‘டேக் போகலாமா?’ என்கிறார்கள். கேட்பதற்கென்று பத்து நிமிடம் யாரும் ஒதுக்குவதில்லை. அதனால் நீங்களே கேட்டு வாங்குங்கள். தரகரை விட்டுவிட்டு ஒலிப்பதிவாளரிடம் நேரடியாகப் பேசி, ‘முன்கூட்டி ஒரு நாள் வந்து பாடிக் காட்டலாமா?’ என்று கேளுங்கள். சம்மதித்தால் அங்கே பணம் கட்டுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லம்மா’ என்றால் வேறு இடம் பாருங்கள்.