போனைக் கவிழ்த்து வைக்கும் அம்மா

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். நவம்பரில் எனக்குப் பிரசவம். உதவிக்கு அம்மாவை (வயது 64) சூப்பர் விசாவில் (பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்குவதற்கான விசா) அழைக்கிறோம். அடுத்த மாதம் விசாவுக்கான மெடிக்கல். அவருக்குச் சர்க்கரை உண்டு. எத்தனை நாள் முன்பிருந்து பத்தியம் இருந்தால் ரிசல்ட்டில் தெரியாது? மாத்திரை சாப்பிடுவதையே சொல்ல வேண்டாம் என்கிறார் அண்ணன். மற்றபடி அம்மா ஆரோக்கியம்தான். வீடியோ காலில் இருமல் வந்தால்கூடப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் இருமிவிட்டு வந்துதான் பேசுவார். அவ்வளவு நாசூக்கு. மெடிக்கலில் பாஸ் ஆக என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: சர்க்கரைக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். இருமலுக்கு ஒரு வரி. அதையும் நாசூக்கு என்று பாராட்டி முடித்துவிட்டீர்கள்.

பெற்ற மகளிடம் பேசும்போது எந்தத் தாய் போனைக் கவிழ்ப்பார்? எப்போதோ ஒரு நாள் புரையேறினால் யாரும் அப்படிச் செய்வதில்லை. அடிக்கடி வருகிறது, அது உங்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிறார். அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? மாத்திரையைச் சொல்லாதே என்று ஒரு பிள்ளை. ரிசல்ட்டில் தெரியாமல் இருக்க வழி தேடும் இன்னொரு பிள்ளை. இரண்டு பேருக்கும் நடுவில் இருமக்கூட யோசிக்கிறார் அந்த அம்மா.

இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? மாலையில் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா? இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது அவரிடம் கேட்டீர்களா? சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பயமுறுத்தவில்லை. ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகைகூட வறட்டு இருமலைத் தரும். எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். நெஞ்சு எக்ஸ்ரே எப்படியும் எடுப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிக்கவே எட்டு வாரம்வரை ஆகலாம். காசநோய் இப்போது இருப்பது உறுதியானால் சிகிச்சை முடிந்த பிறகுதான் பயணம். அது பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை, குணமாகிற நோய். அதை மறைத்துக் கொண்டுவந்து, பிறந்து பத்து நாள் ஆன குழந்தையை அந்தக் கையில் கொடுக்கப் போகிறீர்களா?

சரி, சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஒரு வாரப் பத்தியம் அதை ஏமாற்றாது. உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டால் அளவு ஏறத்தான் செய்யும். சர்க்கரை இருக்கிறது என்பதற்காகக் கதவைச் சாத்துவதும் இல்லை. ஆனால் உண்மையை மறைத்து விண்ணப்பித்தது தெரிந்தால், கனடா சட்டப்படி 5 ஆண்டு தடை வரலாம். அந்தத் தடை உங்கள் அண்ணனுக்கு வராது, அம்மாவுக்குத்தான் வரும்.

தயாரிப்பு என்று கேட்டீர்களே, அது கொஞ்சம்தான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இந்த மெடிக்கலைச் செய்ய முடியாது. கனடா அரசு அங்கீகரித்த பேனல் மருத்துவர்தான் செய்வார். பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய ரிப்போர்ட்டுகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, நுரையீரலில் தெரிவது ஆறிய தழும்பு என்று சொல்ல உதவும். பாஸ், ஃபெயில் போடுவது அந்த மருத்துவர் இல்லை. அவர் பார்த்ததை எழுதி அனுப்புவார், முடிவு குடியேற்றத் துறையுடையது.

அதற்கு முன்னால், இந்த வாரமே, அம்மாவை வழக்கமான டாக்டரிடம் இருமலுக்காக அழைத்துப் போகச் சொல்லுங்கள். விசா பேச்சையே எடுக்காமல். பேறுகாலத்துக்கு அம்மா வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாததல்ல. நானும் அதை எதிர்பார்த்தவள்தான். ஆனாலும் தாயின் உடம்புக்கு அடுத்துத்தான் மகளின் பிரசவம் என்று நினைப்பவள் நான். நவம்பருக்குள் அவரால் வர முடியாவிட்டால் வரவேண்டாம். கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் லீவு போடட்டும்.

இன்று கூப்பிடும்போது அண்ணன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். இருமல் வந்து போனைக் கவிழ்க்கப் போனால், "அப்படியே இரும்மா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எத்தனை நாளாக என்று அப்புறம் கேளுங்கள்.