கல்தூசி, கல்நார் ஷீட், மருந்து வாசம்: வேலையிடத்துப் பயங்களுக்குச் சில பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் இவை, ஒவ்வொன்றின் கீழேயும் என் பதில். ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருப்பது ஒன்றுதான்: 'வேலை பார்க்கும் இடம் என் உடம்பைக் கெடுக்கிறதா?' வேடிக்கை என்னவென்றால், மிக அதிகமாகப் பயப்படுகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. தான் எழுதாமல், மனைவி எழுதிய கடிதத்தில் வருகிற ஒருவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

தருமபுரியில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வயது 42. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன வருடம் பழுது பார்த்தபோது இரண்டு ஷீட் உடைந்து தூள் விழுந்தது. அன்று முதல் நெஞ்சில் குத்தல், புற்றுநோய் பயம். மூன்று எக்ஸ்ரே, ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டேன், எல்லாம் நார்மல். ரிப்போர்ட் வந்தால் பத்து நாள் நிம்மதி, பிறகு பழையபடி. இரவெல்லாம் கைபேசியில் தேடுகிறேன். பதற்றம் தணிய ஏழெட்டு சிகரெட் ஆகிவிடுகிறது.

முதலில் கூரை. கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஷீட்டில் அதன் இழைகள் சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கின்றன. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால்தான் காற்றில் கலக்கும். வருடக்கணக்கில் அந்த வேலையையே செய்தவர்களிடம்தான் நோய் அதிகம் காணப்படுகிறது. ஒரு நாள் விழுந்த தூளால் கூடுகிற ஆபத்து மிகச் சிறியது. கல்நார் சார்ந்த நோய் தலைகாட்டப் பத்து வருடம் முதல் நாற்பது வருடம் வரைகூட ஆகும். ஆகவே போன வருடத் தூளுக்கும் இந்த மாதக் குத்தலுக்கும் தொடர்பில்லை. அடுத்த முறை ஷீட்டை மாற்றினால் முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கச் சொல்லுங்கள். விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருங்கள். கூரை விஷயம் இவ்வளவுதான்.

உண்மையான தொல்லை அந்தப் பத்து நாள் கணக்கில் இருக்கிறது. பயம் எழுகிறது, பரிசோதனை செய்கிறீர்கள், பயம் தணிகிறது. 'பரிசோதித்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பரிசோதனை கேட்கிறது. நான்காவது எக்ஸ்ரேயும் இந்த வட்டத்தை அறுக்காது, இன்னும் இறுக்கும். சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சோ சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு. காரணமில்லாமல் எடுக்க வேண்டிய பொருள் அல்ல அது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேட வேண்டும் என்று கை பரபரக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அரை மணிக்குப் பிறகு பரபரப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதையும் எழுதுங்கள். சில நாளில் தேடாமலே பதற்றம் இறங்குவதை நீங்களே காண்பீர்கள். வீட்டாரிடம் 'எனக்கு ஒன்றும் இருக்காது அல்லவா?' என்று கேட்பதும் ஒருவகைப் பரிசோதனைதான். ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடமே சொல்லிவையுங்கள். ஒரே மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். இதற்கென்றே முறையான உளவியல் சிகிச்சை உண்டு, பலன் தரக்கூடியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் அந்த சிகரெட். கூரைக்குப் பயந்து புற்றுநோய்க்கான மிகப் பெரிய காரணத்தை விரலிடுக்கில் வைத்திருக்கிறீர்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. உங்கள் பயத்தில் நியாயமான பங்கு ஒன்று உண்டென்றால், அது இந்தச் சிகரெட்டுக்கு உரியது. இத்தனை பரிசோதனைக்கும் போன கால்கள், புகையை நிறுத்த உதவும் மருத்துவரிடமும் ஒருமுறை போகட்டும்.

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் என் கணவர் பதினான்கு வருடமாகக் கட்டிங், பாலிஷ் வேலை செய்கிறார். துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொள்வார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால் 'வயசாகிறது' என்கிறார். அவருக்கு வயது 38. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

இல்லை அம்மா. இந்தத் தொகுப்பில் சரியாகப் பயப்படுகிறவர் நீங்கள்.

கிரானைட்டில் கணிசமான பங்கு குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம். அதை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் சிலிக்காத் தூசி கிளம்புகிறது. சட்டையில் வெள்ளையாகப் படிகிற மாவு அல்ல நுரையீரலின் அடிவரை போவது. கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய தூசிதான் போகிறது. துண்டு அதைத் தடுக்காது. இதனால் வருகிற சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த பிறகு தெரியும். தூசி மிக அதிகமாக இருந்தால் அதற்கு முன்பேயும் வரும். நுரையீரலில் விழுந்த வடு ஆறாது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு வளரும். காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். அதனால்தான் முப்பத்தெட்டில் வாங்குகிற மூச்சை வயதின் கணக்கில் எழுத முடியாது.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 'கல் அறுக்கும் வேலை, பதினான்கு வருடம்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் சளி மருந்தோடு அனுப்பிவிடக்கூடும். மார்பு எக்ஸ்ரே, மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி, சளிப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. சம்பளச் சீட்டு, வருகைச் சீட்டு எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயைத் திருப்பிச் சட்டையையும் தலையையும் ஊதிக்கொள்வார்கள். நாள் முழுக்கப் படிந்த தூசி அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் முகத்துக்கு நேரே எழும்பும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது, தூசியை உறிஞ்சும் விசிறி, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 மாஸ்க், அதன் கீழே மழித்த தாடை: இவை முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செய்ய வேண்டியவை. முதலாளி அசையாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

தளி அருகே ரோஜா பசுமைக்குடிலில் பூப் பறிக்கிறேன். மருந்து அடித்த மறுநாள் காலை உள்ளே போனால் தலைவலி, கண் மங்கல். மேஸ்திரி 'எல்லாம் பயம்தான்' என்கிறார்.

மேஸ்திரி மருத்துவர் அல்ல. ஒரு நோட்டில் மருந்து அடித்த நாள், தொல்லை வந்த நேரம், விடுமுறை நாளில் எப்படி இருந்தது என்று மூன்றையும் குறியுங்கள். மருந்து நாளில் மட்டும் வந்து விடுமுறையில் மறைந்தால், கூடப் பறிக்கிறவர்களுக்கும் அப்படியே இருந்தால், அது பயமல்ல.

வேறுபாடு இன்னொன்று. பதற்றத்தில் வாய் உலரும், கண்மணி விரியும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து ஏறினால் எச்சில் ஊறும், மூக்கு ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். வியர்வையும் படபடப்பும் இரண்டிலும் வரலாம், அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வகை அறிகுறி கண்டால் 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியின் லேபிளையும் கொண்டுபோங்கள். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பானால் நச்சு மிகக் கடுமை. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். அடித்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து உள்ளே போகலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்கு உடுத்திய சேலையைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் சால்டரிங் செய்கிறேன். திருமணமாகி ஒரு வருடம். ஈயத்தால் குழந்தைக்கு ஆபத்தா?

பயப்படுவதற்கு முன் உங்கள் சால்டரில், அதாவது உருக்கி ஒட்டவைக்கும் உலோகத்தில், ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் இல்லாத சால்டரும் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பொருள் பாதுகாப்புத் தாளைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. ஈயம் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிட்டு வேறு பிரிவுக்கு மாற்றக் கேளுங்கள். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து போகக்கூடியது. சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாவது குறைவு, கை வழியாக வாய்க்குப் போவதே அதிகம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டு டப்பாவைத் திறங்கள். சால்டரிங் புகை தரும் இன்னொரு தொல்லை ஆஸ்துமா, அதற்குப் புகையை உறிஞ்சும் குழாய் வேலை செய்ய வேண்டும்.

பென்னாகரம் பள்ளியில் ஆசிரியை. ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு. கொதிக்கவைத்துக் குடிக்கிறேன், ஆனாலும் மூட்டு வலி.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் அடர்த்திதான் கூடும். அதை நிறுத்துங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். வேறு நீர் கிடைக்காத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எலும்பு பாதிக்க வருடக்கணக்கில் குடிக்க வேண்டும், மூட்டு வலிக்கோ வேறு நூறு காரணம் உண்டு.

கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் செல்போன் டவர். தூக்கமே வருவதில்லை.

டவரிலிருந்து வருவது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல. இந்த அளவில் நோய் வரும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. தூக்கம் கெட்டது பயத்தால். ஆனால் கரண்ட் போனால் டவருக்காக ஓடும் டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் உங்கள் கடைப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள்.