25 சதவீதம் குறைத்த விலையிலிருந்து பழைய விலையைக் கண்டறிதல்

25 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் ஒரு பொருளின் விலை 600 என்றால் அதன் பழைய விலை என்ன என்ற கணக்குக்கு 750 என்று விடை எழுதியிருக்கிறீர்கள். பழைய விலை 800. 750 அன்று. 25 சதவீதம் குறைத்தால் மீதி இருப்பது பழைய விலையின் 75 சதவீதம், அதாவது 0.75 பங்கு; எனவே தள்ளுபடிக்குப் பின் கிடைத்த 600ஐ 0.75ஆல் வகுத்தால் 800 வரும்.

நீங்கள் 600க்கு 25 சதவீதம் கணக்கிட்டு, அந்த 150ஐக் கூட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த 25 சதவீதம் பழைய விலையின் மீது கணக்கிடப்பட்டது. 800இல் 25 சதவீதம் என்பது 200. அதே 200ஐ 600உடன் ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 33.33 சதவீதம் ஆகிவிடுகிறது. சதவீதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எந்தத் தொகையின் மீது எடுக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டுக்கொள்வது, எந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதையும்விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

சரிபார்க்க, கிடைத்த விடையிலிருந்து தள்ளுபடியை மீண்டும் கழித்துப் பாருங்கள். 750ஐ 0.75ஆல் பெருக்கினால் 562.50 வருகிறது, பொருந்தவில்லை. 800ஐப் பெருக்கினால் சரியாக 600 வருகிறது. விலை ஏற்றமாக இருந்தாலும் வழி இதுவே: 20 சதவீதம் கூடியிருந்தால் 1.20ஆல் வகுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 25 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் மீதித் தொகையில் மேலும் 10 சதவீதம் குறைத்திருந்தால், மொத்தக் குறைவு 35 அன்று, 32.5 சதவீதம், ஏனெனில் 0.75ஐ 0.90ஆல் பெருக்கினால் 0.675 கிடைக்கிறது, அப்போது வகுக்க வேண்டிய எண்ணும் அதுவே. அனுப்புகைக் கட்டணம் போன்ற நிலையான தொகை இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தால், அதைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.