கோத்தகிரி அக்காவுக்கு: நிராமயா கைகொடுக்கும்

அக்கா, பெருமூளை வாதம் உள்ள மகளை வாராவாரம் தெரபிக்காக மேட்டுப்பாளையம் வழியா கோவை கூட்டிட்டுப் போறீங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில அந்தச் செலவு வரலைன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு கேக்கல.

அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். நீங்க தேட வேண்டியது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துற 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, தொடர் தெரபி, போக்குவரத்துச் செலவுக்குக்கூட ஓரளவு உண்டு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களும் சேரலாம். முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டாங்க, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு.

பணம் முதல்ல நாம கட்டி, பிறகு திரும்ப வாங்கணும். அதனால மருந்துச் சீட்டு, அசல் பில் எதையும் தொலைக்காதீங்க. மழையில நனையாம பிளாஸ்டிக் உறையில போட்டு வைங்க. வருஷாவருஷம் புதுப்பிக்கணும், மறந்துடாதீங்க.

ஊனச் சான்றிதழோட ஊட்டியில இருக்குற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.