ஸ்பைக்ஸைக் கொடுத்துவிடலாமா?

வணக்கம்.

கல்லூரியில் நான்கு வருடம் 100 மீட்டரும் 4x100 ரிலேவும் ஓடினேன். என் சிறந்த டைமிங் 12.31. கடைசி வருட இறுதிப் போட்டியில் 0.04 வினாடியில் மூன்றாம் இடம் கைநழுவிப் போய்விட்டது. ரிலேயில் நான் மூன்றாவது ஆள், வளைவில் ஓடுபவள். எங்கள் நான்கு பேருக்கும் பின்னால் திரும்பிப் பார்க்காமலே யாருடைய காலடி எது என்று தெரியும். இப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். மாலை நான்கரை ஆனால் மேசைக்கு அடியில் கால் தானாக ஆடுகிறது. "ஓடி என்ன கண்டாய்?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு வருடம் பயிற்சி எடுத்து அந்த 0.04-ஐ முடித்துவிடவா, இல்லை விட்டுவிடவா? ஜூனியர் ஒருத்தி, அடியில் ஆணி வைத்த என் ஓட்டக் காலணியை, அந்த ஸ்பைக்ஸைக் கேட்கிறாள், இருவருக்கும் ஒரே அளவு. கொடுத்துவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் 100 மீட்டரைப் பற்றி நான்கு வரிதான் இருந்தது. ரிலேவைப் பற்றி இரண்டு பக்கம். அடையாளத்துக்கு டேப் ஒட்டுவதற்காகப் பாதங்களை வைத்து அளந்தது, உங்கள் குரல் கேட்டதும் நான்காவது ஆளின் கை பின்னால் நீண்டது, கைமாற்றும் குச்சியான பேட்டன் மழையில் வழுக்கியது. கேட்ட கேள்வி 0.04-ஐப் பற்றி. எழுதியதெல்லாம் அந்த மூன்று பேரைப் பற்றி. என் பதில் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த 0.04. நீங்கள் கோட்டைத் தொடும் வேகத்தில் அது முப்பத்தைந்து சென்டிமீட்டர் வரும். ஒரு ஸ்பைக்ஸின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அது வலிக்காது என்று சொல்ல மாட்டேன். நானும் கல்லூரியில் 400 மீட்டர் ஓடியவன், என்னுடைய கடைசி ஓட்டத்தின் எண் இன்னும் தூக்கத்தில் வருகிறது. வேறு எந்த வேலையும் உங்களைத் தினமும் நூறில் ஒரு பங்கு வினாடிவரை துல்லியமாக அளந்து சொல்லப்போவதில்லை. நன்றாகச் செய்தோமா என்று மாலையில் தெரியாமலே வீட்டுக்குப் போவது, ஓடிப் பழகியவர்களுக்குப் பெரிய அவஸ்தை. முதல் வருடம் முழுக்க எனக்கு அது இருந்தது.

ஆனால் அந்த ஸ்டாப்வாட்ச் உங்களிடம் இருந்ததை எல்லாம் அளந்துவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா 4x100 ரிலேவை 36.84 வினாடியில் ஓடியது. நாலால் வகுத்தால் ஆளுக்கு 9.21. உசேன் போல்ட்டின் 100 மீட்டர் உலக சாதனையே 9.58தான். முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால் கிடைக்கும் லாபம் அது. ஆனால் அந்த லாபம் கைக்கு வர, ஓடி வருபவர் தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தைத் தொட்டதும், வாங்குபவர் அதை நம்பி, திரும்பிப் பார்க்காமல் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். கொஞ்சம் முன்னால் கிளம்பினாலும், கைமாற்றுவதற்கென்று குறித்த பகுதிக்குள் பேட்டன் வந்து சேராமல் போகலாம். நான்கு வருடம் நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். "ஓடி என்ன கண்டாய்?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம். புரியாவிட்டால் பரவாயில்லை.

அப்புறம், தொடர்வதா விடுவதா என்பது. இரண்டுமே நடந்திருக்கிறது. அமெரிக்க ஓட்டக்காரி வில்மா ருடால்ஃப் 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியபோது கல்லூரி மாணவி. 1962-ல், 22 வயதில் ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த வருடம் பட்டம் வாங்கி ஆசிரியரானார். இன்னொரு அமெரிக்க ஓட்டக்காரி கேபி தாமஸ் ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்து, பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுகலையும் முடித்து, ஓட்டத்தையும் விடாமல் 2024 பாரிஸில் 200 மீட்டர் தங்கம் வாங்கினார். இதில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சியே பிடித்திருந்தால் தொடருங்கள். குளிரில் வார்ம் அப், பளு தூக்கும் அறை, வாரத்தில் ஆறு நாள் தொடை வலி, அதெல்லாம் வேண்டும் என்று மனது கேட்டால் தொடருங்கள். ஒரு பழைய எண்ணைத் திருத்துவதற்காக மட்டும் ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள். திருத்தினாலும் அடுத்த எண் வந்து நிற்கும். உங்கள் கடிதத்தில் பயிற்சிக்கான ஏக்கத்தை நான் பார்க்கவில்லை. மனிதர்களுக்கான ஏக்கத்தைப் பார்த்தேன்.

சரி, எதை முடிவு செய்தாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள். நான் ஓட்டத்தை விட்டு ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மாலை கிரவுண்டு பக்கம் போனவன், வெறும் செருப்பைக் கழற்றிவிட்டு, வார்ம் அப் கூட இல்லாமல் முழு வேகத்தில் ஓடிப் பார்த்தேன். நாற்பது மீட்டரில் தொடையின் பின்தசை கிழிந்தது. சத்தமே கேட்டது. மூன்று மாதம் படி ஏற முடியவில்லை. உடல் பலம் பயிற்சி இல்லாமலும் சில வாரம் நிற்கும். உச்ச வேகம் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். ஆனால் மூளைக்கு அது தெரியாது, பழைய வேகத்தையே கட்டளையிடும். அதனால் எண்பது சதவீதத்துக்கு மேல் போகாமல், மேடான பாதையில் குறுகிய ஓட்டங்களாக ஆரம்பியுங்கள். மேட்டில் ஓடும்போது வேகமும் காலை நீட்டும் தூரமும் குறைவதால் பின்தசைக்கு இழுப்பு குறையும். முழங்கால் உயர்த்தும் டிரில்களை விடாதீர்கள். நான்கரை மணிக்கு ஆடுகிற கால் கேட்பது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வாரம் ஒரு மாலை பழைய கிரவுண்டுக்குப் போக முடிந்தால் போங்கள். போட்டிக்கு வேண்டாம். ரிலே டீமுக்கு ஓடி வருபவர் எங்கே வரும்போது கிளம்ப வேண்டும் என்று நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும். பயிற்சியாளரின் கண் ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களில் இருக்க முடியாது. வளைவில் நான்கு வருடம் ஓடியவருக்கு அங்கே என்ன தவறுகிறது என்று பார்த்ததும் தெரியும். உங்கள் அந்த மூன்று பேரையும் ஒருநாள் அங்கேயே வரச் சொல்லுங்கள்.

ஸ்பைக்ஸைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி ஓடுவதென்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன்னால் ஆணிகளைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து மாதம் சும்மா இருந்தால் துருப்பிடித்து மரையில் இறுகியிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தால் ஆணி கழற்றும் சாவிக்கு இணங்கும். அதிகம் தேய்ந்த ஆணி ஏதாவது இருக்கும், நான்கு வருடம் ஓடியவரின் ஸ்பைக்ஸ் அல்லவா. அதை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுங்கள்.